மிளகு ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணீர் குடித்தான்: அல்சூர் வீட்டுப் பூனை ஒன்றின் நிகழ்வு ஆய்வு

மிளகு எங்கள் வீட்டு ஆண் பூனை. சாம்பல் நிறம், கருத்தடை செய்தவன், 2024 பிப்ரவரியில் வயது நான்கு, எடை 5.2 கிலோ, வீட்டைவிட்டு வெளியே போகாதவன். பெங்களூரு அல்சூரில் இரண்டாம் மாடி வீடு, அதில் நான், அம்மா, தம்பி. குட்டியிலிருந்தே அவனுக்கு ட்ரை ஃபுட், அதாவது கடையில் வாங்கும் உலர்ந்த தீனி, மட்டும்தான். காலையில் ஒரு கை, ராத்திரி ஒரு கை, பக்கத்திலேயே எவர்சில்வர் கிண்ணத்தில் தண்ணீர். நான்கு வருஷம் இப்படியே ஓடியது. அவன் தண்ணீர் குடிப்பதை எங்களில் ஒருவர்கூட உட்கார்ந்து பார்த்ததில்லை, பார்க்க வேண்டிய விஷயம் என்றும் தோன்றவில்லை.

முதல் எச்சரிக்கை 2023 டிசம்பரில் வந்தது. லிட்டர் பாக்ஸுக்கு (அவன் மலசலம் கழிக்கும் மணல் பெட்டிக்கு) திரும்பத் திரும்பப் போய்க் குந்தினான், சொட்டுச் சொட்டாகத்தான் வந்தது. ஒரு கிளினிக்கில் ஆன்டிபயாடிக் ஊசி போட்டு அனுப்பினார்கள். என்ன தின்கிறான், எவ்வளவு குடிக்கிறான் என்று யாரும் கேட்கவில்லை. மூன்று நாளில் சரியாகிவிட்டது, நாங்களும் மறந்துவிட்டோம். இந்த மாதிரி சிறுநீர்ப்பை அழற்சி பெரும்பாலும் ஒரு வாரத்துக்குள் தானாகவே அடங்கிவிடும், அதனால் ஊசிதான் குணப்படுத்தியது என்று நினைத்துக்கொள்கிறோம். இளம் பூனைகளுக்குக் கிருமித்தொற்றால் இது வருவது அபூர்வம் என்பது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது.

பிப்ரவரியில் மறுபடியும் வந்தது, இந்த முறை ரத்தம் கலந்து. இரவு பத்து மணிக்கு பாத்ரூம் ஓரத்தில் குந்திக்கொண்டு, அதுவரை நான் கேட்டிராத ஒரு குரலில் கத்தினான். கூடையில் போட்டு ஆட்டோ பிடித்து, ராத்திரி திறந்திருந்த வேறொரு கிளினிக்குக்கு ஓடினோம். அங்கே இருந்த டாக்டர் கன்னடக்காரர், ஆனால் அம்மாவிடம் நல்ல தமிழிலேயே பேசினார். முதல் வேலையாக வயிற்றைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "பயப்படாதீங்கம்மா, அடைப்பு இல்ல, பை சின்னதா மெத்துன்னு இருக்கு" என்றார்.

கதையை இங்கே கொஞ்சம் நிறுத்துகிறேன், இது உயிர் விஷயம். ஆண் பூனையின் சிறுநீர்க்குழாய் மிகக் குறுகலானது. படிகமோ சளி போன்ற கசடோ அதில் சிக்கி முழுசாக அடைத்துக்கொண்டால், சிறுநீர்ப்பை கல் மாதிரி இறுகும், ரத்தத்தில் பொட்டாசியம் ஏறும், இதயத் துடிப்பு தடுமாறும், இரண்டு மூன்று நாளில் உயிரே போய்விடும். ஆண் பூனை முக்குகிறது, ஒன்றுமே வரவில்லை, வாந்தி எடுக்கிறது என்றால் காலை வரைக்கும் காத்திருக்காதீர்கள், அந்த நேரமே கிளம்புங்கள். வீட்டில் வயிற்றை அமுக்கிப் பார்க்கவும் வேண்டாம், பை கிழிந்துவிடலாம்.

மிளகுக்கு அந்த அளவுக்குப் போகவில்லை. ஸ்கேனில் கல் இல்லை, கொஞ்சம் கசடு மட்டும். சிறுநீரின் ஒப்படர்த்தி (தண்ணீரோடு ஒப்பிட்ட அடர்த்தி) 1.062, அதாவது மிகவும் கெட்டியான சிறுநீர். நுண்ணோக்கியில் ஸ்ட்ரூவைட் என்ற உப்புப் படிகங்கள் தெரிந்தன. மாதிரியை எடுத்த கையோடு பார்த்தார்கள், அது முக்கியம், ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டு அடுத்த நாள் பார்த்தால் உள்ளே இல்லாத படிகம்கூட வெளியே உருவாகிவிடும். வலிக்கு மருந்து கொடுத்தார், பிறகு கேட்டார்: "தண்ணி எவ்ளோ குடிக்கிறான்?" அம்மா என்னைப் பார்த்தார், நான் தம்பியைப் பார்த்தேன். "கிண்ணம் ரொப்பி வெச்சிருக்கோம் டாக்டர்" என்றார் அம்மா. "ரொப்பி வெக்கறது வேற, குடிக்கறது வேற. அளந்துட்டு வாங்க." மிச்சக் கதை முழுக்க அந்த "அளந்துட்டு வாங்க"விலிருந்து வந்ததுதான்.

பூனை ஏன் இப்படி என்று கொஞ்சம். வீட்டுப் பூனைகளின் மூதாதை ஆப்பிரிக்கக் காட்டுப்பூனை, வறண்ட நிலத்துப் பிராணி. எலி, பல்லி, குருவி என்று அது பிடித்துத் தின்ற இரையின் உடம்பில் ஏறக்குறைய எழுபது சதவீதம் தண்ணீர், அதனால் தனியாகத் தண்ணீர் தேடிப் போக வேண்டிய தேவை குறைவு. சிறுநீரைச் சுண்டக் காய்ச்சி வெளியே விடுவதில் அதன் சிறுநீரகம் கெட்டிக்காரத்தனம் கொண்டது, தாக உணர்வோ மந்தம். நாய்க்குத் தண்ணீர் கொஞ்சம் குறைந்தாலே போய்க் குடித்து ஈடுகட்டிவிடும், பூனை மெதுவாகத்தான் ஈடுகட்டும், முழுசாகவும் கட்டாது. அப்படிப்பட்ட பிராணிக்கு, பத்து சதவீதம்கூட ஈரம் இல்லாத ட்ரை ஃபுட்டை நான்கு வருஷமாகக் கொடுத்துவிட்டு, தாகம் எடுத்தால் தானே குடித்துக்கொள்ளும் என்று இருந்திருக்கிறோம்.

கணக்கு எளிது. உணவில் வருவது, கிண்ணத்தில் குடிப்பது இரண்டையும் சேர்த்து, ஒரு கிலோ எடைக்கு ஒரு நாளைக்கு சுமார் 50 மில்லி. மிளகுக்கு 260 மில்லி, ஒரு பெரிய தம்ளர். அவன் தின்ற 62 கிராம் ட்ரை ஃபுட்டில் இருந்த தண்ணீர் ஆறு மில்லி.

கிண்ணத்தில் எவ்வளவு குடிக்கிறான் என்பதை அளப்பதில்தான் முதலில் தடுமாறினோம். தம்பி கிண்ணத்தில் ஸ்கெட்ச் பேனாவால் கோடு போட்டான், பிரயோசனம் இல்லை. அப்புறம் அம்மாவின் சமையலறைத் தராசை எடுத்தோம், ஒரு கிராம் ஒரு மில்லி, காலையிலும் ராத்திரியும் கிண்ணத்தோடு நிறுத்து எழுதிவைத்தால் போதும். முதல் மூன்று நாள் தொண்ணூறு, நூறு என்று வந்தது, பரவாயில்லையே என்று இருந்தேன். பெங்களூரில் பிப்ரவரி, மார்ச் மாதத்துக் காற்று எவ்வளவு வறட்சி என்று இங்கே துணி காயப்போடுகிறவர்களுக்குத் தெரியும், அந்த எண்ணம் வந்ததும் அதே அளவில் இன்னொரு கிண்ணத்தைப் பூனைக்கு எட்டாத அலமாரி மேல் வைத்தேன். அதிலிருந்து ஒரு நாளைக்கு இருபது மில்லி வரைக்கும் காற்றிலேயே போயிருந்தது. அதைக் கழித்தால் மிளகு குடித்தது சராசரியாக 75 மில்லி. உணவையும் சேர்த்து 81. தேவையில் மூன்றில் ஒரு பங்கு. வீட்டில் அளக்கிறவர்கள் தயவுசெய்து இந்த இரண்டாவது கிண்ணத்தை விட்டுவிடாதீர்கள், அது இல்லாமல் எடுத்த எண் பொய் சொல்லும்.

பூனை எப்படித் தண்ணீர் குடிக்கிறது என்பதை அதிவேகக் கேமராவில் படம்பிடித்து அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் உள்ளிட்ட ஒரு குழு 2010இல் வெளியிட்டது. நாய் மாதிரி நாக்கால் அள்ளுவதில்லை, நாக்கு நுனியால் தண்ணீரின் மேல்பரப்பைத் தொட்டு வெடுக்கென்று இழுக்கிறது, கூடவே மேலெழும் தண்ணீர்த் தூண் கீழே விழுவதற்குள் வாயை மூடிக்கொள்கிறது. நொடிக்கு சுமார் நான்கு முறை, ஒவ்வொரு முறையும் கிடைப்பது ஒரு மில்லியில் பத்தில் ஒரு பங்கு அளவுதான். 200 மில்லியைக் கிண்ணத்திலிருந்தே குடிக்க வேண்டும் என்றால் இரண்டாயிரம் தடவை நக்க வேண்டும், எட்டு நிமிஷத்துக்கு மேல். மிளகு ஒரு தடவை வந்தால் இருபது நொடி நிற்பான். அதற்குள் ஜன்னலில் ஒரு காக்கா வந்துவிடும்.

மார்ச் மாதம் முழுக்க கிண்ணத்தோடுதான் போராடினோம். முதலில் இடம். எங்கள் வீட்டில் தண்ணீர், சாப்பாடு, லிட்டர் பாக்ஸ் மூன்றும் ஒரே பால்கனி மூலையில் இருந்தன. மூன்றையும் பிரித்து, ஹாலில் ஒன்று, படுக்கையறை ஜன்னலோரம் ஒன்று, அம்மாவின் பூஜை அலமாரிக்குக் கீழே ஒன்று என்று தண்ணீரைப் பரப்பினோம். பத்து மில்லி போல ஏறியது. பிறகு பாத்திரம். அகலமான பீங்கான் கிண்ணத்தை விளிம்பு வரை நிரப்பி வைத்தோம், எவர்சில்வரை விட்டுவிட்டு அதற்கு வந்தான். மீசை கிண்ணத்தில் முட்டினால் பூனைக்குப் பிடிக்காது என்பார்கள், அதற்கு உறுதியான சான்று கிடையாது, ஆனால் மாற்றிப் பார்க்க ஒரு கிண்ணத்தின் விலைதானே ஆகிறது.

தண்ணீர்தான் அந்த வருஷம் தனிக் கதை. 2024 கோடையில் பெங்களூரு பட்ட பாடு எல்லோருக்கும் தெரியும், போர்வெல்கள் வற்றி, எங்கள் கட்டடத்துக்கு வாரத்தில் பாதி நாள் டேங்கர் தண்ணீர், மீதி நாள் நூறு கிலோமீட்டர் தூரத்திலிருந்து ஏற்றிக் கொண்டுவரும் காவிரித் தண்ணீர். ஒன்று உப்புக் கரிக்கும், இன்னொன்றில் சில காலை குளோரின் வாசனை வரும். குழாய்த் தண்ணீர், கேன் தண்ணீர், அம்மா மண்பானையில் ராத்திரி முழுக்க வைத்த காவிரித் தண்ணீர் என்று மூன்றை ஒரே மாதிரிக் கிண்ணங்களில் வைத்து, தினமும் இடத்தை மாற்றி மாற்றி ஒன்பது நாள் நிறுத்துப் பார்த்தேன். பானைத் தண்ணீர்தான் தெளிவாக முன்னால் நின்றது. திறந்து வைத்தால் குளோரின் பறந்துவிடும், காரணம் அதுவாக இருக்கலாம். போர்வெல் தண்ணீரால்தான் பூனைக்குக் கல் வருகிறது என்று எங்கள் தெருவில் ஒரு நம்பிக்கை இருக்கிறது. டாக்டரிடம் கேட்டேன். ஸ்ட்ரூவைட் என்பது மெக்னீசியம், பாஸ்பேட், அம்மோனியம் சேர்ந்த படிகம், சிறுநீர் கெட்டியாகவும் அமிலத்தன்மை குறைந்தும் இருந்தால் உருவாகும், அதில் உணவின் பங்குதான் பெரியது என்றார்.

பம்பு வைத்த தண்ணீர் ஊற்று ஒன்றையும் வாங்கினோம். நான்கு நாள் அதிசயமாகப் பார்த்தான், குடித்தான், 110 வரைக்கும் போனது. ஐந்தாம் நாள் கரண்ட் போய் மோட்டார் நின்றது, திரும்ப உறுமிக்கொண்டு ஓடியதும் பயந்துபோனான், அதோடு சரி. சில பூனைகள் ஊற்றில் நன்றாகக் குடிக்கின்றன, சிலதுக்கு எந்த வித்தியாசமும் இல்லை, ஆய்வு முடிவுகளும் அப்படித்தான் கலவையாக இருக்கின்றன. வாங்கினால் வாரம் ஒருமுறை கழற்றித் தேய்த்துக் கழுவுங்கள், உள்ளே வழவழவென்று பாசி மாதிரி படிந்துவிடுகிறது.

ஒரு நாள் அம்மாதான் பார்த்தார், மிளகு பாத்ரூம் தரையில் தேங்கிய தண்ணீரை நக்கிக்கொண்டிருந்தான். "பாரு, இங்க நல்லா குடிக்கிறான்!" என்று சந்தோஷமாகக் கூப்பிட்டார். எனக்கு வயிற்றைக் கலக்கியது, அன்று காலைதான் பினாயில் ஊற்றிக் கழுவியிருந்தோம். பினாயிலில் இருக்கும் ஃபீனால் வகைப் பொருட்களை உடைத்து வெளியேற்றும் சக்தி பூனையின் ஈரலுக்குக் குறைவு, தரையில் நடந்த பாதத்தை நக்கினால்கூட ஆபத்து. டெட்டாலும் அந்த வகைதான். உடனே பாதங்களைத் துடைத்துவிட்டு டாக்டருக்கு போன் செய்தோம், இரண்டு நாள் கண்காணித்தோம், நல்லவேளையாக ஒன்றும் ஆகவில்லை. அன்றிலிருந்து எங்கள் வீட்டில் பினாயில் கிடையாது, சோப்புத் தண்ணீர்தான், பூனை வளர்க்கிற எல்லோரும் இதைச் செய்ய வேண்டும் என்று கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன்.

மார்ச் கடைசியில் நோட்டைப் பார்த்தேன். இத்தனை கிண்ணம், பானை, ஊற்று எல்லாம் சேர்த்து 75 மில்லி 95 ஆகியிருந்தது. மாடி வீட்டு அக்கா, "பால் ஊத்திக் குடு, மடமடன்னு குடிக்கும்" என்றார். வளர்ந்த பூனைகள் பலவற்றுக்குப் பால் செரிக்காது, வயிற்றுப்போக்கில் இருக்கிற தண்ணீரும் போய்விடும். தம்பி சிரிஞ்சில் வாயில் ஊற்றலாம் என்றான், டாக்டர் வேண்டாம் என்று தடுத்தார், புரையேறி நுரையீரலுக்குப் போகலாம், அதைவிட நம்மைக் கண்டாலே பூனை ஓட ஆரம்பித்துவிடும். நோட்டைப் பார்த்துவிட்டு அவர் சொன்னது இதுதான்: "கிண்ணத்த விடுங்க. தட்டுல தண்ணி குடுங்க."

பாக்கெட்டில் வரும் ஈரத் தீனியான வெட் ஃபுட்டில் எண்பது சதவீதம்வரை தண்ணீர். 85 கிராம் பாக்கெட் ஒன்றில் கிட்டத்தட்ட 68 மில்லி. கிண்ணத்தோடு ஒரு மாதம் மல்லுக்கட்டி நான் சேர்த்தது இருபது மில்லி, ஒரு பாக்கெட்டில் அதுபோல மூன்று மடங்குக்கு மேல் இருந்தது.

ஆனால் நான்கு வருஷம் மொறுமொறுவென்று தின்றவன் கொழகொழப்பைத் தொடுவானா? முதல் நாள் மோந்து பார்த்துவிட்டு, தரையைச் சுரண்டி மூடுகிற மாதிரிச் செய்துவிட்டுப் போய்விட்டான். அப்போதும் நிறையப் பேர் சொன்னது, "பட்டினி போடு, பசிச்சா தானா திங்கும்". பூனைக்கு இதைச் செய்யவே கூடாது. இரண்டு மூன்று நாள் தின்னாமல் இருந்தாலே உடம்புக் கொழுப்பு ஈரலுக்கு வந்து அடைந்து ஈரல் செயலிழக்கத் தொடங்கலாம், மிளகு மாதிரி பூசின உடம்புப் பூனைகளுக்கு அந்த ஆபத்து இன்னும் அதிகம். அதனால் அவனுடைய பழைய உணவை நிறுத்தாமல் ஓரத்தில் இருந்து ஆரம்பித்தோம். ட்ரை ஃபுட் தட்டின் ஓரத்தில் ஒரு டீஸ்பூன் வெட் ஃபுட், அவன் தொடாவிட்டாலும் வாசனை பழகட்டும் என்று. ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்ததைச் சுடுதண்ணீர்ப் பாத்திரத்தில் வைத்து உடம்புச் சூட்டுக்குக் கொண்டுவந்தோம், ஆறிப்போனதை அவன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. துண்டுகளை விட்டுவிட்டுக் குழம்பை மட்டும் நக்கினான், அதனால் அம்மா துண்டுகளை மிக்ஸியில் ஒரு சுற்று விட்டார். மேலே அவனுடைய ட்ரை ஃபுட்டையே பொடித்துத் தூவினோம். பதினொன்றாவது நாள் தட்டைக் காலி செய்தான், அம்மா அன்றைக்கு எனக்கு ஆபீஸுக்கு போன் செய்து சொன்னார்.

அங்கிருந்து தண்ணீரைத் திருட்டுத்தனமாகச் சேர்க்க ஆரம்பித்தோம். ஒவ்வொரு தட்டிலும் ஒரு டீஸ்பூன், ஐந்து மில்லி. மூன்று நாள் கழித்து இன்னொன்று. ஒரேயடியாக ஊற்றியபோது முகத்தைத் திருப்பிக்கொண்டான், ஒரு படி பின்னால் வந்து மறுபடி ஏறினோம். சில நாள் பச்சைத் தண்ணீருக்குப் பதில் கோழி வேகவைத்த தண்ணீர், அதில் உப்பு, வெங்காயம், பூண்டு எதுவும் கிடையாது. வெங்காயமும் பூண்டும் பூனையின் ரத்தச் சிவப்பணுக்களை அழிப்பவை, அதனால் நம் ரசமோ குழம்போ ஒரு கரண்டிகூட வேண்டாம். ரஸ்ஸல் மார்க்கெட்டில் மத்தி மலிவாகக் கிடைக்கும் நாளில் அம்மா அதை வேகவைத்து அந்தச் சாற்றை ஐஸ் ட்ரேயில் உறைய வைத்துக்கொள்வார். வாரத்துக்கு ஒன்றிரண்டு கட்டிதான், மீனையே முழு உணவாக்கிவிடக் கூடாது.

ஏப்ரல் மூன்றாம் வாரத்தில் அம்மா நோட்டோடு வந்தார், முகம் வாடியிருந்தது. "என்னடி இது, இவ்ளோ பண்ணியும் கிண்ணத்துல இருபத்தஞ்சு மில்லிதான் குடிக்கிறான். முன்னாடியே மேல்." ஒரு நிமிஷம் எனக்கும் திக்கென்றது. உட்கார்ந்து கூட்டினோம். இரண்டு பாக்கெட்டில் 136. ஒரு வேளைக்கு ஊறவைத்துக் கொடுத்த 25 கிராம் ட்ரை ஃபுட்டில் ஊற்றியது 60. பாக்கெட்டுகளில் கலந்தது 30. ட்ரை ஃபுட்டில் ஏற்கெனவே இருந்த இரண்டு மூன்று. கிண்ணத்தில் 25. மொத்தம் 250க்கு மேல். கிண்ணத்தில் குடிப்பது மூன்றில் ஒரு பங்காகக் குறைந்திருந்தது, உடம்புக்குள் போகும் தண்ணீர் மூன்று மடங்காகியிருந்தது. கிண்ணத்தை மட்டும் பார்த்திருந்தால் அன்றைக்கே எல்லாவற்றையும் நிறுத்தியிருப்போம்.

சந்தேகம் இருந்தால் லிட்டர் பாக்ஸ் சொல்லிவிடும். கட்டியாகிற மணல் போடுகிறவர்கள் உருண்டைகளை எண்ணினாலே போதும். பிப்ரவரியில் ஒரு நாளைக்கு இரண்டு, சின்ன எலுமிச்சை அளவு, வாடை மூக்கைத் துளைக்கும். மே மாதம் மூன்று நான்கு, ஒவ்வொன்றும் சாத்துக்குடி அளவு, வாடையும் குறைவு. மணல் செலவு கூடியதில் அம்மாவுக்கு வருத்தமில்லை. ஜூன் முதல் வாரம் சிறுநீரை மறுபடி பார்த்தோம், ஒப்படர்த்தி 1.031, படிகம் இல்லை. பிப்ரவரிக்குப் பிறகு வலி திரும்பவில்லை. தண்ணீர் ஒன்றே காரணம் என்று நான் சொல்ல மாட்டேன், பதற்றமும் இந்த நோயில் பெரிய பங்கு வகிக்கிறது, பால்கனிக்கு வந்து முறைத்துக்கொண்டிருந்த தெருப்பூனை கண்ணில் படாதபடி அதே சமயத்தில் ஒரு திரையும் போட்டிருந்தோம்.

செலவைச் சொல்லாமல் விட்டால் நியாயமில்லை. 2024இல் பாக்கெட் எங்கள் கடையில் 45 ரூபாயாக இருந்தது, நாளைக்கு இரண்டு. மூன்று வேளையும் பாக்கெட் கொடுக்க எங்களால் முடியாது, அதனால்தான் ஒரு வேளை ஊறவைத்த ட்ரை ஃபுட். ஊறியதை முக்கால் மணி நேரத்துக்கு மேல் வைக்காதீர்கள், கோடையில் சீக்கிரம் கெடும். ஒரு பாக்கெட்டும் வாங்க முடியாதவர்கள் ட்ரை ஃபுட்டை இரண்டு மடங்கு தண்ணீரில் ஊறவைத்துப் பழக்கினாலே பாதி வேலை முடிந்தது. வாங்கும்போது பின்பக்கம் படியுங்கள், முழு உணவு என்று போட்டிருக்க வேண்டும், துணை உணவு என்று போட்டிருப்பதை மட்டும் கொடுத்தால் டாரின் போன்ற சத்துகள் குறைந்துபோகலாம்.

ஜூலையில் வேலூரில் ஒரு கல்யாணத்துக்காக நான்கு நாள் போயிருந்தோம். மாடி வீட்டு அக்காவிடம் சாவியைக் கொடுத்தோம், அவருக்கு வேலை அதிகம், ட்ரை ஃபுட்டை மட்டும் கொட்டிவைத்துவிட்டார். திரும்பி வந்து பெட்டியைக் கிளறினால் மறுபடி எலுமிச்சை உருண்டைகள். அன்று ராத்திரியே பழைய தட்டுக்குத் திரும்பினோம், இரண்டு நாளில் சரியானது.

அக்காவுக்கு மனசு கேட்கவில்லை, நோட்டையும் தராசையும் வாங்கிப் போய்த் தன் வீட்டுப் பூனையையும் அளந்தார். அது பதினோரு வயதுப் பெண் பூனை, 3.4 கிலோ. "எங்க வீட்டுது நல்லாவே குடிக்குது, பாரேன்" என்று ஐந்தாம் நாள் காட்டினார். காற்றில் போனதைக் கழித்தும் நாளைக்கு 360 மில்லி, கிலோவுக்கு நூறைத் தாண்டியிருந்தது. வயதான பூனை திடீரென்று இப்படிக் குடிப்பது சிறுநீரகக் கோளாறு, சர்க்கரை நோய், தைராய்டு இவற்றின் அறிகுறியாக இருக்கலாம், நாளையே கூட்டிக்கொண்டு போங்கள் அக்கா என்றேன். ரத்தப் பரிசோதனையில் சிறுநீரக நோய் தெரிந்தது, இன்னும் முற்றவில்லை. இப்போது அந்த நோட்டில் இரண்டு பூனைகளின் கணக்கும் இருக்கிறது, தராசு பெரும்பாலும் மாடியில்தான்.